ஹாக்கி ஸ்டாரை ஜனங்க எப்போ தூக்கி வச்சாங்க, எப்போ கீழ போட்டாங்க: நாமளே தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படி

ஹாக்கி பத்தி நாலு பேர் பேசுற எடத்துல கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா தெரியும், ஸ்ரீஜேஷ் மாதிரி ஒரு கோல்கீப்பர் இனிமே பொறந்து தான் வரணும்னு அடிச்சுப் பேசுற அதே ஆளு தான் 2012ல லண்டன் ஒலிம்பிக் முடிஞ்சப்போ மொத்த டீமையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார், இப்போ கேட்டா 'நான் அப்பவே சொன்னேன், அந்தப் பையன் பெரிய ஆளா வருவான்'னு கூசாம சொல்வார். அவர் பொய் சொல்றார்னு இல்ல, அவருக்கு நெஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கும். அதனால ஒரு பிளேயர் பத்தின பேச்சு எந்த வருஷம் எப்படி இருந்துச்சு, எந்த எடத்துல திரும்புச்சு, எதனால திரும்புச்சுன்னு தெரியணும்னா ஆளுங்களை கேட்டா மட்டும் வேலைக்கு ஆகாது, நாமளே உக்காந்து தோண்டணும். அதை எப்படி பண்றதுன்னு தான் இங்க சொல்லப்போறேன். இந்திய ஹாக்கியை வச்சே சொல்றேன், நமக்கு தெரிஞ்ச பேருங்க, தேடுறதும் சுலபம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுல இருந்து தான் வருது. கிரிக்கெட் மாதிரி வருஷம் முழுக்க டிவில ஓடுற ஆட்டம் இல்ல ஹாக்கி. முக்காவாசி பேர் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒலிம்பிக் வந்தா பார்ப்பாங்க, அதுலயும் குவார்ட்டர் ஃபைனல் வந்தா தான் பார்ப்பாங்க. ஒரு பிளேயர் முந்நூறு மேட்ச் ஆடியிருப்பார், ஜனங்க பார்த்தது மூணோ நாலோ தான், அந்த மூணு நாலை வச்சு தான் ஆளை எடை போடுறாங்க. அதனால 'இவரைப் பத்தி ஏன் இப்படி பேசுறாங்க'ன்னு கேக்குறதுக்கு முன்னாடி 'இவங்க எந்த மேட்ச்சைப் பார்த்தாங்க'ன்னு கேளுங்க, பாதி பதில் அதுலயே வந்துடும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நோட்டு எடுத்துக்கோங்க, இல்ல போன்லயே ஒரு ஷீட் போடுங்க. ஒரு பிளேயரை மட்டும் எடுங்க, மொத்த டீமையும் எடுத்தீங்கன்னா குழம்பிடும். இடது பக்கம் அவர் ஆடின முக்கியமான ஆட்டம், வலது பக்கம் அதை எத்தனை பேர் பார்த்திருப்பாங்கன்னு உங்க கணிப்பு, 'எல்லாரும்', 'ஹாக்கி வெறியனுங்க மட்டும்', 'யாரும் இல்ல', இப்படி மூணு வகை போதும்.

ஸ்ரீஜேஷுக்கே போட்டுப் பார்ப்போம். 2006ல கொழும்பு தெற்காசிய விளையாட்டுல சீனியர் டீமுக்கு வந்தார், யாரும் பார்க்கல. 2011ல சீனாவுல ஓர்டோஸ்னு ஒரு ஊர்ல மொத ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, ஃபைனல்ல பாகிஸ்தானோட ஷூட்அவுட் (டிரா ஆன ஆட்டத்தை ரெண்டு டீமும் கீப்பருக்கு எதிரா மாத்தி மாத்தி அடிச்சு முடிவு பண்றது), அதுல ரெண்டு தடுத்து ஜெயிச்சுக் குடுத்தார், வெறியனுங்க மட்டும் பார்த்தாங்க. 2012 லண்டன், ஆறு மேட்ச், ஆறும் தோல்வி, பன்னெண்டு டீம்ல பன்னெண்டாவது எடம், இதை எல்லாரும் பார்த்தாங்க! அவரும் கேப்டன் பரத் சேத்ரியும் தான் அந்த டீமோட கீப்பருங்க. ஒரு வருஷம் முன்னாடி பாகிஸ்தானை ஷூட்அவுட்ல நிறுத்தின ஆளுன்னு அப்போ திட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு தெரிஞ்சிருக்கும்? 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு ஃபைனல்ல மறுபடி பாகிஸ்தான், மறுபடி ஷூட்அவுட், மறுபடி ரெண்டு தடுத்தார், 16 வருஷம் கழிச்சு ஆசியத் தங்கம், நேரா ரியோவுக்கு டிக்கெட். இந்தத் தடவை கொஞ்சம் அதிகம் பேர் பார்த்தாங்க, பேரும் பதிஞ்சுது. ஆனா ஆட்டத்தைப் பார்த்தா 2011க்கும் 2014க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, பார்த்த கண்ணுங்க தான் அதிகம். இந்த மாதிரி எடத்தை நோட்ல வட்டம் போட்டு வைங்க, பிளேயர் மாறாம பேச்சு மட்டும் மாறின எடம் அது.

அப்புறம் 2021 டோக்கியோ. இதை கொஞ்சம் நிதானமா பார்க்கணும். ஜூலை 25ஆம் தேதி ஆஸ்திரேலியாகிட்ட 7-1ன்னு அடி வாங்கினோம், கோல்ல நின்னது ஸ்ரீஜேஷ். அன்னைக்கு ராத்திரி போட்ட போஸ்ட்டுங்களை தேதி வச்சு தேடிப் படிச்சுப் பாருங்க, வயசாயிடுச்சு, சின்னப் பையனை இறக்குங்க, பழைய கதை தான்னு வரிசையா இருக்கும். ஆகஸ்ட் 5, வெண்கலத்துக்கான ஆட்டம், ஜெர்மனி, 3-1ன்னு பின்னாடி இருந்து 5-3ன்னு மேல போயி 5-4ல நிக்குது, கடைசி ஆறு செகண்ட் இருக்கும்போது ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர், அதாவது கோல் லைன்ல இருந்து பந்தைத் தள்ளிவிட்டு கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு. அந்தப் பந்தைத் தடுத்துட்டு அப்புறம் கோல் போஸ்ட் மேல ஏறி உக்காந்தாரே, அந்த போட்டோவைப் பார்க்காத ஆள் கிடையாது. 41 வருஷம் கழிச்சு ஒலிம்பிக் மெடல். ரெண்டு தேதிக்கும் நடுவுல 11 நாள் தான், அதுக்குள்ள ஒரு மனுஷன் புதுசா என்ன கத்துக்க முடியும்?

இப்போ அதே 7-1ஐ 1982க்கு எடுத்துட்டுப் போங்க. டெல்லி ஆசிய விளையாட்டு, டிசம்பர் 1, ஃபைனல், பாகிஸ்தான் 7 இந்தியா 1, கீப்பர் மிர் ரஞ்சன் நேகி. அந்த ஆசியாட்டுக்காகத் தான் நம்ம நாட்டுல கலர் டிவியே வந்துச்சு, அதுனால அந்த ஏழு கோலும் நாடே பார்த்த கோல். காசு வாங்கிட்டான், வித்துட்டான்னு பேச்சு கெளம்பி ஒரு ஆதாரமும் இல்லாம அந்த மனுஷன் வாழ்க்கையே தலைகீழா போச்சு. ஏழு கோல் வாங்குற ஆட்டத்துல டிஃபென்ஸ் என்ன பண்ணிட்டு இருந்துச்சு, மிட்ஃபீல்ட் எங்க போச்சுன்னு யாரும் கேக்கல, கண்ணுக்கு தெரிஞ்சது கோல்ல நின்ன ஒருத்தர் தான். ஸ்ரீஜேஷ் 7-1 வாங்கினது லீக் ஆட்டத்துல, அடுத்த ஆட்டம் இருந்துச்சு. நேகி வாங்கினது ஃபைனல்ல, அதுக்கு அடுத்து ஆட்டமே இல்ல. என்னைக் கேட்டா ரெண்டு பேரைப் பத்தின பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி இந்த ஒரு காரணம் தான், மீதி பாதி எதிர்ல இருந்த டீமோட பேரு. அதனால உங்க ஷீட்ல தோல்வியை எழுதும்போது 'அடுத்த ஆட்டம் எப்போ'ன்னு ஒரு கட்டமும் சேர்த்துக்கோங்க.

அடுத்து பொசிஷன். இதை விட்டுட்டு கணக்குப் போட்டா எல்லாம் தப்பாப் போகும். கீப்பர் பண்ற தப்பு எல்லாருக்கும் தெரியும், நல்லது கடைசி நிமிஷத்துல நடந்தா தான் தெரியும். டிராக் ஃப்ளிக்கருக்கு, அதாவது பெனால்டி கார்னர்ல பந்தை இழுத்து கோலுக்கு வீசுறவருக்கு, அப்படியே ஸ்கோர்போர்டுல பேர் வரும். நடுவுல ஆடுறவங்க பாடு தான் திண்டாட்டம், சர்தார் சிங் மாதிரி ஆளு நாள் பூரா பந்தை வாங்கி சரியான எடத்துக்கு அனுப்பிக்கிட்டே இருந்தார், ஆனா ஹைலைட்ஸ்ல ஒரு செகண்ட் கூட வரமாட்டார். அதனால ஹைலைட்ஸ் பார்த்து முடிவு பண்ணாதீங்க, முழு மேட்ச் பாருங்க, அதுலயும் உங்க பிளேயரை மட்டும் பாருங்க, பந்து எங்க போனாலும் போகட்டும்.

அமித் ரோஹிதாஸை எடுத்துக்கோங்க, தமிழ்நாடு டிராகன்ஸ்ல ஆடினாரே அவர் தான். நமக்கு எதிரா பெனால்டி கார்னர் வரும்போது ஃபர்ஸ்ட் ரஷர் அவர் தான். கீப்பரோட சேர்த்து அஞ்சு பேர் கோல் லைன் பின்னாடி நிப்பாங்க, மூஞ்சிக்கு மாஸ்க், முட்டிக்கு பேட், பந்தை உள்ள தள்ளின அந்த நொடியில இந்த ஆளு ஃப்ளிக் பண்றவனைப் பார்த்து நேரா ஓடணும், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வர்ற பந்து தன் உடம்புல பட்டாலும் பரவால்லன்னு. ரெண்டு செகண்ட்ல மொத்த கதையும் முடிஞ்சிடும். அவர் சரியா ஓடினா என்ன ஆகும்? ஃப்ளிக்கர் அவசரப்பட்டு வேற பக்கம் அடிப்பான், பந்து வெளிய போகும், டிவில 'சான்ஸ் மிஸ்'னு சொல்வாங்க, ரோஹிதாஸ் பேரே வராது. வீடியோவை பந்து தள்ளுற எடத்துல நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க, அப்போ தான் புரியும். பாரிஸ்ல 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனோட குவார்ட்டர் ஃபைனல், 17ஆவது நிமிஷம் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு, மீதி ஆட்டம் முழுக்க பத்து பேரோட ஆடி 1-1ன்னு புடிச்சு ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சோம். சஸ்பெண்ட் ஆனதால செமி ஃபைனல்ல அவர் இல்ல, ஜெர்மனிகிட்ட 3-2ல போச்சு, அப்போ தான் நிறைய பேருக்கு இப்படி ஒரு வேலை டீம்ல இருக்குன்னே தெரிஞ்சுது. ஆள் இல்லாதப்போ தான் அருமை தெரியுற பொசிஷன்னு இதை தனியா குறிச்சு வைங்க.

ஹர்மன்ப்ரீத் சிங் கதை இதுக்கு நேர் எதிர். 2023 ஜனவரி, ஒடிசாவுல உலகக் கோப்பை, சொந்த மண்ணு, ஸ்டேடியம் நிறைய கூட்டம், கேப்டனும் அவர் தான், பெனால்டி கார்னர் உள்ள போகவே மாட்டேங்குது, நியூசிலாந்துகிட்ட குவார்ட்டர் ஃபைனலுக்கு முந்தின கிராஸ்ஓவர் ஆட்டத்துல ஷூட்அவுட்ல தோத்து வெளிய வந்தாச்சு, ஒன்பதாவது எடத்தைப் பங்கு போட்டுக்கிட்டோம். கேப்டன்சி பாரம் தாங்கல, ஃப்ளிக் போச்சுன்னு எல்லாரும் ஒரே பாட்டு. அந்த வருஷமே ஹாங்சோ ஆசிய விளையாட்டுல தங்கம், அடுத்த வருஷம் பாரிஸ்ல 10 கோல் போட்டு மொத்த போட்டியிலயே அதிக கோல் அவரோடது, ஸ்பெயினை 2-1ன்னு ஜெயிச்ச வெண்கல ஆட்டத்துல ரெண்டு கோலும் அவர் தான். இங்க என்ன கவனிக்கணும்னா, டோக்கியோ முடிஞ்ச கையோட ரூபிந்தர் பால் சிங் ரிட்டயர் ஆயிட்டார், அதுவரைக்கும் எதிர் டீமுக்கு ரெண்டு ஃப்ளிக்கரைப் பத்தி கவலை இருந்துச்சு, அப்புறம் பெரும்பாலும் ஒருத்தரை மட்டும் படிச்சா போதும்னு ஆச்சு. அந்த உலகக் கோப்பை நடுவுலயே மிட்ஃபீல்டர் ஹர்திக் சிங்கும் காயத்துல வெளிய போனார். அதனால ஒரு ஃப்ளிக்கரை எடை போடும்போது எத்தனை கோல்னு மட்டும் பார்க்காதீங்க, எத்தனை பெனால்டி கார்னர் கெடைச்சது, அதுல அவர் அடிச்சது எத்தனை, ரெண்டாவது ஃப்ளிக்கர் யாருன்னும் பாருங்க. சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தோட சைட்டுல மேட்ச் ரிப்போர்ட் இருக்கு, கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா கெடைக்கும். மூணுல ஒன்னு உள்ள போச்சுன்னாலே நல்ல ஃப்ளிக்கர் தான், பத்துக்கு பத்து எதிர்பார்க்குறது நம்ம ஆளுங்க மட்டும் தான்.

பழைய பிளேயருங்களுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கோங்க, புனே பக்கத்துல கட்கியில பொறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன், நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு சாம்பியன்ஸ் டிராபி, நாலு ஆசிய விளையாட்டு ஆடின ஆளு, ஆனா அவர் மொத்தம் எத்தனை கோல் போட்டார்னு அதிகாரப்பூர்வமா ஒரு கணக்கு கிடையாது, அசோசியேஷன் எழுதியே வைக்கல. இப்படிப்பட்ட ஆளைப் பத்தி ஜனங்க பேச்சு முழுக்க ஞாபகத்துல தான் ஓடுது, தலைமுடி பறக்க ஓடின ஓட்டம், கோவம், அழுகை. 1998 பாங்காக்ல கேப்டனா 32 வருஷம் கழிச்சு ஆசியத் தங்கம் வாங்கிக் குடுத்தார், வாங்கின கையோட அவரையும் இன்னும் பல பேரையும் டீம்ல இருந்து தூக்கினாங்க, காசு விஷயமா வாயத் தொறந்து கேட்டதுக்குத் தான்னு அப்போ எல்லாரும் பேசினாங்க. பேப்பர்ல ஒரு பக்கம் 'திமிர் புடிச்சவர்'னு வரும், இன்னொரு பக்கம் 'உண்மையைப் பேசுறவர்'னு வரும், ரெண்டும் ஒரே வருஷத்துல. 2000 சிட்னியில போலந்தோட ஆட்டம், ஜெயிச்சா செமி ஃபைனல், 1-0ன்னு மேல இருந்து முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்லாதப்போ கோல் வாங்கி டிரா ஆச்சு. அதுக்கப்புறம் அவரைத் திட்டுற சத்தம் கொறைஞ்சு பரிதாபப்படுற பேச்சு அதிகமாச்சு, இன்னைக்கு வரைக்கும் அது தான் நிக்குது. அதனால இந்தத் தலைமுறை ஆளுங்களைத் தேடும்போது ஷீட்ல 'அசோசியேஷன் என்ன பண்ணுச்சு'ன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும், நம்ம ஜனங்க சங்கத்தோட சண்டை போட்டவனை நாள் ஆக ஆக ஜாஸ்தியா நேசிப்பாங்க.

ரிட்டயர் ஆனதோட ஷீட்டை மூடிடாதீங்க. சென்னை பாஸ்கரன் 1980 மாஸ்கோவுல தங்கம் வாங்கின கேப்டன், நம்ம ஊருக்கு எவ்வளவு பெரிய பெருமை. அப்புறம் அதே ஆளு சிட்னியில கோச், அந்தப் போலந்து ஆட்டத்துல பெஞ்ச்ல உக்காந்திருந்தார், 2006 உலகக் கோப்பையிலயும் கோச், பதினோராவது எடம். அப்போ அவரைத் திட்டினவங்க பலருக்கு அவர் ஆடினதைப் பார்த்த ஞாபகமே இருந்திருக்காது. நேகிக்கு இதே விஷயம் தலைகீழா நடந்துச்சு, 1998 ஆசியத் தங்கம் வாங்கின டீமுக்கு கோல்கீப்பிங் கோச், 2002ல மான்செஸ்டர் காமன்வெல்த்ல தங்கம் வாங்கின பெண்கள் டீமோடயும் இருந்தார், அப்புறம் 2007ல ஷாருக் கான் நடிச்ச ஹாக்கி படம் வந்தப்போ நடிகைகளுக்கு ஆட சொல்லிக் குடுத்ததும் அவர் தான். 1982ல திட்டினவங்க வீட்டுப் பசங்க அவரை மரியாதையா பார்த்தாங்க. 25 வருஷம் ஆச்சு அதுக்கு.

பெண்கள் டீமைப் பத்தின பேச்சு திரும்புற வேகம் இன்னும் மோசம். 2021 டோக்கியோவுல வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவோட ஹாட்ரிக் போட்டாங்க, ஒலிம்பிக்ல ஹாட்ரிக் போட்ட மொத இந்தியப் பெண். சில நாள்ல செமி ஃபைனல்ல அர்ஜென்டினாகிட்ட தோத்ததும் ஹரித்வார் பக்கத்துல அவங்க வீட்டு வாசல்ல போயி பட்டாசு வெடிச்சு சாதியைச் சொல்லித் திட்டினானுங்க. இதை ரசிகர் கருத்துன்னு எழுதாதீங்க, அது வேற அழுக்கு, தோல்வி ஒரு சாக்கு. எந்தப் பிளேயரைத் தேடினாலும் திட்டுல எவ்வளவு ஆட்டத்தைப் பத்தினது, எவ்வளவு ஆளைப் பத்தினதுன்னு பிரிச்சு வைங்க. அதே டோக்கியோவுல ஆஸ்திரேலியாவை 1-0ன்னு நிறுத்தின கோல்கீப்பர் சவிதாவை சுவர்னு கொண்டாடினாங்க, 2024 ஜனவரியில ராஞ்சியில ஜப்பான்கிட்ட ஒரே ஒரு கோல்ல தோத்து பாரிஸ் போக முடியாம ஆனப்போ அந்தச் சுவர் பத்தி பேச ஆளக் காணோம்.

யாருமே பார்க்காத ஆளுங்களுக்கு மட்டும் மார்க்கெட் எறங்கவே எறங்காது. தியான் சந்த் ஆடினதை நேர்ல பார்த்தவங்க இன்னைக்கு அநேகமா யாரும் இல்ல, 1936 பெர்லின் ஃபைனல் 8-1ன்னு நமக்குத் தெரியும், ஹிட்லர் வேலை குடுக்கிறேன்னு கூப்பிட்டார்னு ஒரு கதை சுத்துது, அதுக்கு அந்தக் காலத்து ஆதாரம்னு ஒன்னும் கெடையாது. இப்படி கதை வந்தா 'மொதல்ல எந்த வருஷம் எழுத்துல வந்துச்சு'ன்னு தேடுங்க, அது தான் பேச்சு எப்போ வளர்ந்துச்சுன்னு காட்டும். ஆனா 1979ல அவர் டெல்லி எய்ம்ஸ் ஜெனரல் வார்டுல செத்தப்போ இந்தக் கொண்டாட்டமெல்லாம் எங்க இருந்துச்சுன்னும் ஒரு வரி எழுதிக்கோங்க, கேல் ரத்னாவுக்கு அவர் பேர் வந்ததே 2021ல தான்.

எங்க தேடுறதுன்னா, பழைய பேப்பருக்கு சென்னைக்காரங்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் போங்க, மேட்ச் நடந்த மறுநாள் பேப்பரையும் ஒரு மாசம் கழிச்சு வந்ததையும் சேர்த்துப் படிங்க, ரெண்டுக்கும் நடுவுல தான் கருத்து உருவாகும். ஹாக்கி ஸ்டேடியமும் எழும்பூர்ல தான், படிச்சு முடிச்சுட்டு அப்படியே ஒரு எட்டு போய்ட்டு வரலாம். 2010க்கு அப்புறம்னா சோஷியல் மீடியால தேதி ஃபில்டர் போட்டு தேடினா போதும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது தேதி தெரியுற மாதிரி எடுங்க. முழு மேட்ச் ஒலிம்பிக் சேனல்ல நிறைய இருக்கு. பெரியவங்ககிட்ட பேசினா 'அவர் எப்படி ஆடுவார்'னு கேக்காதீங்க, 'அந்த மேட்ச்சை எங்க உக்காந்து பார்த்தீங்க, ரேடியோவா டிவியா'ன்னு கேளுங்க. பார்க்காதவர் மழுப்புவார். பார்த்தவர் யார் வீட்டு டிவி, கூட யார் இருந்தாங்கன்னு சொல்வார், அவர் கருத்துக்கு வெயிட் அதிகம் குடுங்க.

காலம் தாண்டி ஒப்பிடும்போது ரூல் மாறினதை மறக்காதீங்க. 1976 மான்ட்ரியல்ல தான் ஒலிம்பிக்ல செயற்கைத் தரை வந்துச்சு, 90கள்ல ஆஃப்சைடு போச்சு, முன்னாடி 35 நிமிஷம் ரெண்டு பாதி, இப்போ 15 நிமிஷம் நாலு குவார்ட்டர், ஆளை மாத்தி மாத்தி இறக்கலாம். 1975 உலகக் கோப்பை ஃபைனல்ல கோல் போட்ட அசோக் குமாரையும் இன்னைக்கு ஃபார்வேர்டையும் ஒரே தராசுல வச்சா சண்டை தான் மிஞ்சும்.

பழசைத் தோண்டுறதை விட இப்போவே ஒரு ஆளைப் புடிச்சு ஆரம்பிச்சீங்கன்னா இன்னும் சுவாரஸ்யம். என் ஓட்டு கோல்கீப்பர் கிருஷன் பாதக்குக்கு. ஸ்ரீஜேஷ் ரிட்டயர் ஆனப்போ அவரோட 16ஆம் நம்பர் ஜெர்சியையே சீனியர் டீம்ல ஓரம் கட்டிட்டாங்க, அந்தக் கோல்ல போயி நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க, இவர் வாங்குற ஒவ்வொரு கோலுக்கும் 'ஸ்ரீஜேஷா இருந்தா தடுத்திருப்பார்'னு ஒருத்தர் சொல்லுவார், 2012ஐயும் அந்த ஆஸ்திரேலியா 7-1ஐயும் மறந்துட்டு தான் சொல்லுவார். 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பையை கொரியாவை 4-1ன்னு ஜெயிச்சு 2026 ஆகஸ்ட்ல நெதர்லாந்து, பெல்ஜியம்ல நடக்குற உலகக் கோப்பைக்கு எடம் புடிச்சாச்சு. ஷீட்ல மொத வரி அந்த ஆசியக் கோப்பை, வலது பக்கம் 'வெறியனுங்க மட்டும்'னு போட்டு ஆரம்பிங்க, ரெண்டாவது வரிக்கு உங்க வாட்ஸ்அப் குரூப்ல இன்னைக்கு அவரைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு கேட்டு தேதியோட எழுதி வைங்க.